கோவேறு கழுதை நடந்த வழியே...

சைக்கிள் விடக் கற்றுக்கொண்ட நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அப்பாவோ அண்ணாவோ வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பெரிய சைக்கிளை ஓசைப்படாமல் வெளியே தள்ளிக்கொண்டு போய், குரங்குப் பெடல் போட்டு, விழுந்து, முழங்காலில் தழும்பு வாங்கிக்கொண்ட சகோதரிகள் நம்மில் அநேகம் பேர். அப்புறம் கலியாணம், குழந்தைகள், குடித்தனம் என்று வந்ததும் சைக்கிள் எங்கோ போய்விட்டது. இன்றைக்கு மறுபடி ஏறிப் பார்க்கலாம் என்று ஆசை வந்தாலும், தெருவில் பறக்கிற லாரியையும் பஸ்ஸையும் பார்த்த மாத்திரத்தில் ஆசை பறந்துவிடுகிறது.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. வழவழவென்று தார் ரோடு போட்டு வைத்திருக்கும் அமெரிக்காவிலும் இதே பயந்தான். அங்கே சைக்கிள்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தார் ரோட்டை மோட்டார்க்காரர்களுக்கே விட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் சீந்தாத மண் பாதைகளிலும் சரளைக் கல் பாதைகளிலும் இறங்கிவிட்டார்கள். நம் ஊரில் கிராவல் ரோடு என்றால், கான்டிராக்டர் பாதியில் விட்டுப் போன ரோடு என்று அர்த்தம். அவர்களோ அதைத்தான் தேடித் தேடிப் போகிறார்கள்!

இதற்கென்றே ஒரு ஜாதி சைக்கிளும் வந்திருக்கிறது. கிராவல் சைக்கிள் என்று பெயர். பந்தய சைக்கிளைப் போல ஆட்டுக் கொம்பாய் வளைந்த கைப்பிடி. ஆனால் டயர் மட்டும் அதைவிட அகலம். அதனால் கல்லிலும் சேற்றிலும் வழுக்காது, உடம்பையும் உலுக்காது. மேடு வந்தால் மூச்சு வாங்காமல் மிதிப்பதற்கு இலேசான கியர்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டில் கான்ஸாஸ் மாகாணத்தில் 200 மைல் கிராவல் பந்தயம் ஒன்றே தொடங்கிவிட்டார்கள். பந்தயம் நமக்கு எதற்கு? நிதானமாய், நாலு இடம் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஏற்ற ஒரு பாதை இருக்கிறது. அதில்தான் உங்களை அழைத்துக்கொண்டு போகப் போகிறேன்.

வாஷிங்டன் நகரத்தில் புறப்பட்டுப் பிட்ஸ்பர்க் நகரத்தில் போய் முடிகிறது இந்தப் பாதை. நீளம் சுமார் 335 மைல். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில சாலைகள் குறுக்கிடுமே ஒழிய, பாதையில் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. ஒரு பக்கம் நதி, ஒரு பக்கம் காடு, நடுவே நீங்கள். நாளுக்கு 48 மைல் வீதம் மிதித்தால் ஏழு நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் இந்தப் பாதை இன்று இருப்பதே ஓர் அதிசயம். இதன் மேல் மோட்டார் ரஸ்தா போட்டு மூடிவிடத் திட்டம் தயாராயிருந்தது. அது நடவாமல் போன கதையைப் பாதி வழியில் சொல்கிறேன். இப்போது புறப்படுவோம், வாருங்கள்.

ஜனாதிபதி பிடித்த மண்வெட்டி

வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் என்னும் பகுதியில், பொட்டோமாக் நதிக்கரையில் ஆரம்பிக்கிறது பாதை. பக்கத்திலேயே ஒரு பழைய கால்வாய். செஸபீக் - ஒஹாயோ கால்வாய் என்று பெயர். பொட்டோமாக் நதியில் பாறைகளும் அருவிகளும் அதிகம், படகு போகாது. ஆகையால் நதியை ஒட்டியே கால்வாய் வெட்டி, மலைகளைத் தாண்டி, பிட்ஸ்பர்க்கில் ஒஹாயோ நதியோடு சேர்த்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டார்கள்.

1828-ஆம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, அமெரிக்க ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸே வந்து முதல் மண்ணை வெட்டினார். வெட்டினாரா? மண்வெட்டி ஒரு வேரில் போய் மாட்டிக்கொண்டது! மறுபடி முயன்றார், மசியவில்லை. உடனே கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலங்கொண்ட மட்டும் வெட்டினார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே ஜூலை 4-ந் தேதி, சுமார் நாற்பது மைலுக்கு அப்பால் பால்டிமோர் நகரத்தில், பால்டிமோர் - ஒஹாயோ ரயில் பாதைக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு மேற்கே சென்றன. ரயில் 1842-இல் கம்பர்லாண்ட் ஊரை எட்டியது. கால்வாய் அங்கே போய்ச் சேர்ந்தது 1850-இல், எட்டு வருஷம் கழித்து. கையிலிருந்த பணமும் தீர்ந்துவிட்டது. 184½ மைலோடு வேலை நின்றது. பிட்ஸ்பர்க் கனவாகவே போயிற்று.

படகிலே குடித்தனம்

கால்வாய்க்குப் பக்கத்தில் நீங்கள் மிதித்துக்கொண்டு போகும் பாதை சைக்கிளுக்காகப் போட்டதல்ல. கோவேறு கழுதைக்காகப் போட்டது! நிலக்கரி ஏற்றிய படகைக் கயிற்றில் கட்டி, கரையிலிருந்து கோவேறு கழுதைகள் இழுத்துச் செல்லும். ஒரு படகில் 120 டன் வரை நிலக்கரி ஏற்றினார்கள். ஒரு ஜோடி இழுக்கும்போது மறு ஜோடி படகிலேயே கட்டின சிறு தொழுவத்தில் இளைப்பாறும்.

படகுக்காரர் தனியாகப் போவதில்லை. மனைவி, மக்கள் எல்லாரும் படகில்தான் குடித்தனம். பன்னிரண்டடிச் சதுரத்துக்குள் சமையல், சாப்பாடு, படுக்கை, பிரசவம் எல்லாமே. மனைவி அடுப்பையும் பார்ப்பாள், சுக்கானையும் பிடிப்பாள். சின்னப் பையன்களும் பெண்களும் கோவேறு கழுதைகளோடு நாள் முழுவதும் மைல் கணக்கில் நடப்பார்கள். தத்தித் தத்தி நடக்கிற குழந்தை தண்ணீரில் விழுந்துவிடாமலிருக்க, இடுப்பில் கயிறு கட்டி மேல்தளத்தில் முடிந்து வைப்பார்களாம். எந்த ஊரானால் என்ன, பெற்றவள் கவலை ஒன்றுதானே!

வழியில் 74 ‘லாக்’ மதகுகள். இவற்றைத் தண்ணீரால் ஆன படிக்கட்டு என்று சொல்லலாம். படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, மேல் பக்கத்துத் தண்ணீரை உள்ளே விடுவார்கள். தண்ணீர் உயர உயரப் படகும் உயரும். பிறகு எதிர்க் கதவைத் திறந்தால் படகு மேல் மட்டத்தில் போகும். இப்படி வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்டுக்குள் 605 அடி உயரம் ஏறியாக வேண்டும். மதகின் அகலம் 15 அடி. படகின் அகலம் பதினாலரை அடி. இதில் இடிக்காமல் படகை நுழைத்தவர்களுடைய கைத்திறனை என்னவென்று சொல்வது!

மதகுக்கு மதகு ஒரு காவலர் வீடு உண்டு. நடுநிசியில் படகுக்காரர் ஊதுகொம்பு ஊதினாலும் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். சம்பளம் காவலருக்கு, வேலை அவர் மனைவி மக்களுக்கும் சேர்த்து. அந்தச் சிறிய கல் வீடுகள் இன்றும் வழி நெடுகத் தென்படுகின்றன. சிலவற்றைப் பழுது பார்த்து, பிரயாணிகள் ஓரிரவு தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறார்கள். சில வீடுகளில் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. அந்தக் காலத்துக் காவலரின் மனைவி எப்படி இருந்தாளோ அப்படி ஓர் இரவு இருந்து பார்க்கலாம்.

கிளாராவின் வீடு

ஏழாவது மைலுக்கருகே, கிளென் எக்கோ என்னும் இடத்தில் ஒரு பெரிய மர வீடு நிற்கிறது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881-இல் ஸ்தாபித்த கிளாரா பார்ட்டன் அம்மையார் தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு அது. பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த அம்மாளை வழியில் மறுபடியும் சந்திப்போம்.

பதினாலாவது மைலில் பொட்டோமாக் நதி பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் பேரருவி. நாற்பத்திரண்டாவது மைலில் மொனாக்கஸி தொட்டிப் பாலம். 516 அடி நீளத்துக்கு ஏழு கல் வளைவுகளின் மேல், ஓர் ஆற்றுக்கு மேலாகக் கால்வாயையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1833-இல் கட்டியது. கீழே ஆறு ஓட, மேலே படகு போக, படகுக்குப் பக்கத்தில் கோவேறு கழுதை நடக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

அறுபதாவது மைல் தாண்டியதும் எதிர்க்கரையில் மலைச் சரிவில் ஒட்டி வைத்தாற்போல் ஓர் ஊர் தெரியும். அதுதான் ஹார்ப்பர்ஸ் பெர்ரி. ஷெனண்டோவா நதி பொட்டோமாக்கோடு சங்கமமாகும் இடம். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று வெறி கொண்ட ஜான் பிரவுன், 1859 அக்டோபரில் இருபத்தொரு பேரைச் சேர்த்துக்கொண்டு இங்கிருந்த அரசாங்க ஆயுதசாலையைப் பிடித்தார். பிடிபட்டு, டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அவர் மூட்டிய தீ அணையவில்லை. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இந்த நதியே இரு தரப்புக்கும் எல்லைக் கோடாயிற்று. கால்வாய் ஒரு தரப்பின் கையில். எதிர்க்கரை மறு தரப்பின் கையில்.

இன்னும் பத்து மைல் போனால் ஆண்டீட்டம் போர்க்களம். பாதையை விட்டுச் சற்று உள்ளே போக வேண்டும். இன்றைக்குச் சோளக் கொல்லையும் வேலியும் சிறு பாலமுமாகப் பரம சாதுவான கிராமப்புறம். 1862 செப்டம்பர் 17-ந் தேதி, ஒரே பகலில், இங்கே மாண்டவர்களும் காயமடைந்தவர்களும் காணாமற் போனவர்களும் சேர்ந்து சுமார் 23,000 பேர். அன்று மருந்தும் துணிக்கட்டும் ஏற்றிய வண்டியோடு களத்துக்கே வந்து சேர்ந்தாள் ஒரு பெண். அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு அவள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கையில், ஒரு குண்டு அவளுடைய சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு போய் அவனைக் கொன்றுவிட்டது. அவள்தான், ஏழாவது மைலில் வீட்டைப் பார்த்தோமே, அந்தக் கிளாரா பார்ட்டன். அந்தப் போர் முடிந்த ஐந்தாம் நாள், ஜனாதிபதி லிங்கன் அடிமைகள் விடுதலை குறித்த முதல் அறிவிப்பை வெளியிட்டார்.

மோட்டாரில் பறந்திருந்தால் அந்த வீடும் இந்தக் களமும் வெறும் பெயர்ப் பலகைகளாகப் போயிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரண்டு நாள் உங்கள் காலாலேயே மிதித்து வந்தால்தான், நதிக்கரையிலே நடந்ததெல்லாம் ஒரே கதை என்பது விளங்குகிறது.

‘பாப்பா’ சுரங்கம்

நூற்றைம்பத்தைந்தாவது மைலில் ‘பாப்பா’ சுரங்கப் பாதை. பெயரைக் கேட்டுக் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்துக் காடுகளில் விளையும் ஒரு பழத்தின் பெயர் அது. நதி இங்கே பாம்பு போல் ஆறு மைல் சுற்றி வளைகிறது. வளைவைத் தவிர்ப்பதற்காக மலையையே குடைந்தார்கள். நீளம் 3,118 அடி. இரண்டு வருஷத்தில் முடிப்போம் என்று 1836-இல் ஆரம்பித்த வேலை 1850-இல்தான் முடிந்தது. அதற்குள் கூலிக் கலவரம், பண நெருக்கடி, என்னென்னவோ. உள்ளே பூசின செங்கல் மட்டும் சுமார் அறுபது லட்சம்.

உள்ளே கும்மிருட்டு. கையில் விளக்கு வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே உத்தமம். ஒரு சமயத்தில் ஒரு படகுதான் போகலாம். ஒரு தடவை எதிரும் புதிருமாய் இரண்டு படகுகள் நடுவில் சந்தித்துக்கொண்டனவாம். ‘நீ பின்னால் போ’, ‘நீதான் போக வேண்டும்’ என்று இரண்டு தலைவர்களும் நாள் கணக்கில் நகர மறுத்தார்களாம். கடைசியில் கால்வாய் அதிகாரி ஒரு பக்கத்து வாயிலில் தீ மூட்டி, புகை போட்டு இருவரையும் கிளப்பினார் என்று கதை சொல்கிறார்கள்.

நடந்து பாருங்கள்!

இப்போது கம்பர்லாண்ட் வந்துவிட்டோம். பாதி வழி தாண்டியாயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?

கால்வாய்க்குச் சத்துரு ரயில் மட்டுமல்ல, வெள்ளமுந்தான். 1889-இல் ஜான்ஸ்டவுன் நகரத்தில் அணை உடைந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டதே, அதே மழை இந்தக் கால்வாயையும் குலைத்துப் போட்டது. (ஜான்ஸ்டவுனில் நிவாரணப் பணிக்காகப் போட்ட கொட்டகையின் மரத்தைக் கொண்டுதான் கிளாராவின் வீடு எழுந்தது.) 1924-இல் மறுபடி ஒரு வெள்ளம். அதோடு படகுப் போக்குவரத்து முடிந்தது. 1938-இல் அரசாங்கம் 20 லட்சம் டாலருக்குக் கால்வாயை வாங்கியது.

அதற்குப் பின், ‘சும்மா கிடக்கும் நிலந்தானே, இதன் மேல் அழகான மோட்டார் ரஸ்தா போட்டால் என்ன?’ என்று யோசனை வந்தது. 1954 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையும் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. காரில் வருகிறவர்களும் நதியின் அழகைப் பார்க்கட்டுமே என்றுதான் சொன்னார்கள்.

வில்லியம் டக்ளஸ் என்பவர் அப்போது சுப்ரீம் கோர்ட் நீதிபதி. வயது ஐம்பத்தைந்து. நடப்பதிலே பெரும் பிரியமுள்ளவர். அவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தலையங்கம் எழுதியவர் தம்மோடு முழுத் தூரமும் நடந்து வரட்டும், வந்தால் அவர் மனம் மாறிவிடும் என்பது கடிதத்தின் சாரம். பத்திரிகைக்காரர்கள் அழைப்பை ஏற்றுக்கொண்டார்கள்!

மார்ச் 20-ந் தேதி இதே கம்பர்லாண்டிலிருந்து நடை ஆரம்பித்தது. நடுநடுவே சேர்ந்தவர்களும் விலகியவர்களும் பலர். எட்டு நாளில் முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் நீதிபதி உள்பட ஒன்பது பேர்தான். பத்திரிகாசிரியர்களின் காலில் கொப்புளம் கண்டது. கருத்திலும் மாறுதல் கண்டது. ரஸ்தா வேண்டும் என்ற பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. 1961-இல் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் இதைத் தேசியச் சின்னமாக்கினார். 1971 ஜனவரியில் ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்டுத் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கினார். 1977-இல் பூங்காவை நீதிபதி டக்ளஸின் பெயருக்கு அர்ப்பணம் செய்தார்கள். பதினேழு வருஷப் பொறுமையும் எட்டு நாள் நடையும் சேர்ந்துதான் இந்தப் பாதை பிழைத்தது.

மலை ஏற்றம்

கம்பர்லாண்டிலிருந்து கால்வாய் இல்லை. பாதை மட்டும் தொடர்கிறது. கிரேட் அலிகேனி பாஸேஜ் என்று பெயர். கைவிடப்பட்ட ரயில் பாதைகளின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, பொடித்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பிப் போட்ட 150 மைல் வழி. அன்று கால்வாயைத் தோற்கடித்த ரயில், இன்று தானும் விலகிச் சைக்கிளுக்கு இடம் கொடுத்திருக்கிறது!

மலை ஏற வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். ரயிலுக்காக அமைத்த சரிவாகையால் நூறடிக்கு இரண்டடி கூட ஏறாது. சுமார் 24 மைல் நிதானமாக மிதித்தால் 2,392 அடி உயரத்தில் நீர்பிரி முகடு வந்துவிடும். இங்கே மழை பெய்தால், கிழக்கே விழுந்த நீர் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குப் போகிறது. மேற்கே விழுந்த நீர் மெக்ஸிகோ வளைகுடாவுக்குப் போகிறது. அதன் பிறகு பிட்ஸ்பர்க் வரையில் பெரும்பாலும் இறக்கந்தான்.

மேயர்ஸ்டேல் ஊருக்கு அருகே 1,908 அடி நீளமுள்ள ஸாலிஸ்பரி நெடும்பாலத்தின் மேல் போகிறீர்கள். கீழே பள்ளத்தாக்கும் வயல்களும் பொம்மைக் கொலு போலத் தெரியும். ஒஹாயோபைல் என்னும் ஊரில் நதி அருவியாக விழுகிறது. இந்தப் பாதையின் முதல் துண்டை 1986-இல் திறந்தது இங்கேதான். பிறகு துண்டு துண்டாகச் சேர்த்துச் சேர்த்து, 2013-இல் பிட்ஸ்பர்க்கில் கொண்டுபோய் முடித்தார்கள். கால்வாய்க்காரர்கள் 1828-இல் புறப்பட்டு, போய்ச் சேர முடியாத அதே பிட்ஸ்பர்க். 185 வருஷம் கழித்து, சைக்கிள் போய்ச் சேர்ந்துவிட்டது!

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடுகள் இப்போது நம்மிடையே பல. அங்கே போகும்போது, நயாகராவோடு இதையும் ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் போக வேண்டும் என்பதில்லை. பேரருவிக்குப் பக்கத்தில் நாலைந்து மைல் போனாலும் போதும்.

மழை பெய்த மறுநாள் கால்வாய்க் கரையில் சேறு பூசிக்கொள்ளும். அகல டயர் அவசியம். நாள் ஒன்றுக்கு முப்பது மைலுக்கு மேல் முதலில் ஆசைப்படாதீர்கள். மலை மேலுள்ள பிக் ஸாவேஜ் சுரங்கத்தைக் குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். ஆகவே மே முதல் அக்டோபர் வரை உகந்த காலம். விளக்கும், குடிதண்ணீரும், பஞ்சர் ஒட்டும் சாமானும் மறக்கக் கூடாதவை. புளியோதரை கட்டிக்கொண்டு போனால் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

‘இந்த வயதில் சைக்கிளா?’ என்று யாராவது சிரித்தால், பிரான்ஸிஸ் வில்லார்ட் அம்மையாரின் பெயரைச் சொல்லுங்கள். மதுவிலக்குக்காகப் பாடுபட்ட பெரிய தலைவி அவர். ஐம்பத்து மூன்றாம் வயதில் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தை 1895-இல் ஒரு புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். தம் சைக்கிளுக்கு ‘கிளாடிஸ்’ என்று பெயரும் வைத்திருந்தார். உங்கள் சைக்கிளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்!